மொய் நோட்டிலிருந்து டேட்டாபேஸுக்கு

டேட்டாபேஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் சமையல் குறிப்புப் பக்கத்துக்குத் தாவ நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டு அலமாரியிலேயே ஒன்று இருக்கிறது. அம்மாவின் சேலைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கும் கல்யாண மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை. யார் வீட்டிலிருந்தாவது பத்திரிகை வந்ததும் அதைப் புரட்டி, "இவங்க நம்ம பெரியவன் கல்யாணத்துக்கு நூறு வெள்ளி எழுதியிருக்காங்க" என்று அம்மா சொல்கிறாரே, அதைத்தான் கணினிக்காரர்கள் 'குவெரி' என்கிறார்கள். ஒழுங்காக எழுதி வைப்பது, கேட்டதும் எடுத்துக் கொடுப்பது. தரவுத்தளம் செய்யும் வேலை இவ்வளவுதான்.

நோட்டு போதாமல் போகும் நாள் ஒன்று வருகிறது. கேட்டரிங் தொழில் செய்கிறவர்கள், பிரத்தியேக வகுப்பு நடத்துகிறவர்கள், கோயில் உறுப்பினர் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் செயலாளர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "கணினியில போட்டு வைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?" வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் இதையே வேறு விதமாகக் கேட்பார்கள்: "டிபீவரா, ஹைடியா, வொர்க்பெஞ்சா?"

நான் படித்தது ஊடகத்துறை. ஆனால் வானொலியில் இருப்பவர்களுக்குப் பட்டியல்தான் வாழ்க்கை. ஒருவர் 'எஸ்.பி.பி.' என்றும், இன்னொருவர் 'எஸ்.பி. பாலசுப்ரமணியம்' என்றும், மூன்றாமவர் நடுவில் ஒரு 'பி' சேர்த்து 'பாலசுப்பிரமணியம்' என்றும் பாடல் பட்டியலில் எழுதி வைத்தால், பிறந்தநாள் சிறப்பு நிகழ்ச்சிக்குத் தேடும்போது பாதிப் பாட்டு கிடைக்காது. அந்த எரிச்சலில் கற்றுக்கொண்டவைதான் கீழே வருபவை.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வானொலிப் பெட்டி வேறு, நிலையம் வேறு. பெட்டி பழுதானால் வேறு பெட்டி வாங்கலாம். நிலையம் அதே அலைவரிசையில் பாடிக்கொண்டுதான் இருக்கும். தரவுத்தளத்திலும் அப்படித்தான். தகவல் உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்று. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் எல்லாம் அந்த வகை. அதைத் திறந்து பார்க்க, திருத்த, தேட நம் மேசைக் கணினியில் ஓடும் செயலி இன்னொன்று. டிபீவர், ஹைடிஎஸ்கியூஎல் போன்றவை இந்த வகை. சில மென்பொருள்களில் மட்டும் பெட்டியையும் நிலையத்தையும் சேர்த்துப் பற்றவைத்து விற்கிறார்கள். மைக்ரோசாப்ட் ஆக்செஸும் ஃபைல்மேக்கரும் அப்படி. அதில் வசதி இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டியவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பிரத்தியேக வகுப்பு நிலையத்தில் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த செயலியில் பல ஆண்டு மாணவர் விவரங்கள் இருந்தன. எழுதிக் கொடுத்தவர் எண்ணை மாற்றிவிட்டார். கணினி பழசாகிப் புதிது வாங்கியபோது செயலி அதில் ஓடவில்லை. உள்ளே இருக்கும் விவரங்களை வெளியே எடுக்க ஒரு பொத்தான்கூட அதில் வைக்கப்படவில்லை. எந்தப் பெற்றோர் எத்தனை மாதப் பாக்கி என்பது அந்தப் பழைய கணினிக்கு மட்டுமே தெரியும். கடைசியில் ஒருவர் திரையைப் பார்த்துப் பார்த்துத் தாளில் எழுதி எடுத்தார்.

அதனால்தான் நான் முதலில் கேட்கச் சொல்வது "என்னவெல்லாம் செய்யும்?" என்ற கேள்வியை அல்ல, "உள்ளே போனது வெளியே வருமா?" என்பதைத்தான். பட்டியலைச் சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுக்கத் தெரியாத எந்த மென்பொருளும், இலவசமாகவே கிடைத்தாலும், வேண்டாம். சி.எஸ்.வி. என்றால் காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில்கூடத் திறக்கும். இருபது வருடம் கழித்தும் திறக்கும்.

"அதெல்லாம் எதுக்கு, எக்செல் இருக்கே?" என்று கேட்பது காதில் விழுகிறது. ஐம்பது பேர் பட்டியல், ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறார், கூட்டல் கழித்தல்தான் வேலை என்றால் எக்செல் போதும். யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். ஆனால் எக்செல் அடிப்படையில் ஒரு கணக்குத் தாள். எதைப் பார்த்தாலும் அதற்கு எண்ணாகவோ தேதியாகவோ தெரியும். நம் நாட்டில் இது எங்கே இடிக்கிறது என்றால், அடையாள அட்டையில். 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் ஐ.சி. எண் சுழியத்தில் தொடங்கும். இடையில் கோடு போடாமல் அப்படியே தட்டினால், முன்னால் எதற்குச் சுழியம் என்று எக்செல் அதை விழுங்கிவிடும். 0905 என்று தொடங்க வேண்டிய எண் 905 என்று தொடங்கும். கைப்பேசி எண்ணுக்கும் அதே கதி. பதினாறு இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கமே சுழியமாகிவிடும். எக்செல் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைத்தால் தப்பிக்கலாம். பிறகு மாற்றினால் போன சுழியம் திரும்பாது.

இது சின்ன விஷயம் என்று தோன்றினால் இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். கோவிட் காலத்தில், 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுகள் அங்கே அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த விவரங்களைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். அந்த வகைக் கோப்பு 65,536 வரிகளோடு நின்றுவிடும். மிச்சம் சத்தமில்லாமல் கீழே விழுந்துவிட்டது. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. இப்போதைய எக்செல் 10,48,576 வரிகள் வரை தாங்கும். நம் வீட்டுத் தொழிலுக்கு அது தாராளம். ஆனால் சத்தமில்லாமல் விழுங்கும் குணம் போகவில்லை.

கூட ஒரு செய்தி. சில மரபணுக்களின் பெயர்களை எக்செல் விடாமல் மார்ச் மாதத் தேதியாகவும் செப்டம்பர் மாதத் தேதியாகவும் மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாகப் போயிற்று!

சரி, எக்செலைத் தாண்டிப் போக வேண்டிய நேரம் எது? ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் தட்டத் தொடங்கும்போது. வகுப்பு நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்திலிருந்து மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். எக்செலில் மூன்று வரி, மூன்றிலும் அதே அப்பா பெயர், அதே கைப்பேசி எண். அப்பா எண்ணை மாற்றுகிறார். அலுவலகப் பெண் ஒரு வரியில் மட்டும் திருத்துகிறார். இனி எது சரியான எண்? தரவுத்தளத்தில் பெற்றோருக்கு ஒரு பட்டியல், மாணவருக்கு ஒரு பட்டியல், கட்டணத்துக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக வைத்து, "இந்தப் பிள்ளை இந்தப் பெற்றோரைச் சேர்ந்தது" என்று ஓர் எண்ணால் கோத்து விடுவார்கள். எண்ணை ஒரே இடத்தில் மாற்றினால் போதும். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்பவர் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் இருந்து வந்த யோசனை இது. இன்று உங்கள் வங்கிக் கணக்கு வரை அதில்தான் ஓடுகிறது.

இந்தப் பட்டியல்களை முதலில் தாளில் வரையுங்கள். மென்பொருள் பிறகு. தாளில் வராதது திரையிலும் வராது.

இப்போது பெட்டிகளைப் பார்ப்போம். குடும்பத் தொழில், ஒரு கணினி, விவரங்களைத் தட்டுவது கணினி அதிகம் தெரியாத ஒருவர் என்றால், அவருக்கு வேண்டியது படிவம். பெயருக்கு ஒரு கட்டம், தொகைக்கு ஒரு கட்டம், 'சேமி' என்று ஒரு பொத்தான். அதைச் செய்து தருபவை ஆக்செஸ், லிப்ரே ஆபிஸ் பேஸ், ஃபைல்மேக்கர் மூன்றும். ஆக்செஸ் 1992இல் வந்தது. இதோ போகிறது, அதோ போகிறது என்று சொல்லிச் சொல்லி இன்னும் இருக்கிறது. விண்டோஸில் மட்டும் ஓடும். ஒரு கோப்பு 2 கிகாபைட்டைத் தாண்டக் கூடாது. படங்களைத் திணிக்காதவரை சின்னத் தொழிலுக்கு அது பெரிய அளவு. நீங்கள் ஏற்கெனவே கட்டும் மைக்ரோசாப்ட் சந்தாவில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலரும் கையில் இருப்பதைத் தெரியாமலேயே வேறு தேடுகிறார்கள். பேஸ் இலவசம், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் படிவம் அமைக்க ஆக்செஸைவிடப் பொறுமை வேண்டும். ஃபைல்மேக்கர் ஆப்பிளின் துணை நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. அழகானது, ஐபேடிலும் ஓடும். பெரும்பாலும் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிளை திறக்கும் அளவுக்கு வளர்ந்த தொழில் இல்லையென்றால் அது எனக்கு அதிகமாகப் படுகிறது.

வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் என் ஓட்டு எஸ்கியூலைட்டுக்கு. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000இல் எழுதியது. மொத்தத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. உரிமம் கிடையாது, கட்டணம் கிடையாது, பொதுச்சொத்து. உங்கள் கைப்பேசிக்குள் வாட்ஸ்அப் உரையாடல்கள் இருப்பதே இந்த வகைக் கோப்பில்தான். 2050 வரை ஆதரவு தருவோம் என்று எழுதியவர்களே அறிவித்திருக்கிறார்கள். அதைத் திறக்க 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்' என்ற இலவசச் செயலி போதும். பார்க்க எக்செல் மாதிரியே இருக்கும். குறை என்னவென்றால் படிவம் இல்லை, வரிசை வரிசையாகக் கட்டங்கள்தான். வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் அதைக் கொடுத்தால், தவறான கட்டத்தில் விரல் பட்டு எதுவும் நடக்கலாம். அவருக்குக் கொடுக்காதீர்கள், கணக்குப் பார்க்கும் பிள்ளைக்குக் கொடுங்கள்.

ஆக்செஸோ எஸ்கியூலைட்டோ, கோப்பை கூகுள் டிரைவ் மாதிரியான பகிர்வுப் பெட்டியில் போட்டு இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். ஒருவர் சேமித்ததை இன்னொருவரின் பிரதி மூடிவிடும், சில நேரம் கோப்பே கெட்டுவிடும். நாலைந்து பேர் ஒன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வர் வகைக்குப் போக வேண்டியதுதான். அப்போதும் பழகிய ஆக்செஸ் படிவங்களை வெறும் முகப்பாக வைத்துக்கொண்டு தகவலை சர்வரில் வைக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. பற்றவைத்ததைப் பிரித்தெடுக்க அது ஒரு வழி.

இனி அலுவலகத் தம்பி தங்கைகளுக்கு. அலுவலகத்தில் இருப்பது மைஎஸ்கியூஎல் மட்டும்தான் என்றால் வொர்க்பெஞ்ச் போதும். விண்டோஸில் சட்டென்று திறந்து சட்டென்று மூட வேண்டும் என்றால் ஹைடிஎஸ்கியூஎல். அளவில் சிறியது, பழைய மடிக்கணினியிலும் மூச்சு வாங்காது. இன்று மைஎஸ்கியூஎல், நாளை போஸ்ட்கிரெஸ் என்று வேலை மாறிக்கொண்டே இருந்தால் டிபீவரின் இலவசப் பதிப்பு. திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், மெனுக்கள் அதிகம், ஆனால் அது தொடாத தரவுத்தளம் குறைவு. பெட்டி வேறு நிலையம் வேறு என்பதன் பயன் இங்கே தெரியும். மைஎஸ்கியூஎல் ஆரக்கிள் கைக்குப் போகும் நிலை வந்தபோது, அதை உருவாக்கிய மொன்ட்டி வைடெனியஸ் 2009இல் அதிலிருந்து மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். முதல் மகள் பெயர் மை, இரண்டாவது மகள் பெயர் மரியா. பிள்ளைகள் பெயரில் கடை வைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. நிலையம் பிரிந்தது, ஆனால் ஹைடிஎஸ்கியூஎல் இன்று இரண்டையும் திறக்கிறது.

அழகான திரை, கறுப்புப் பின்னணி இவற்றையெல்லாம் ஒப்பிடுவதைவிட, தவறைத் தடுக்க அந்தச் செயலி என்ன செய்கிறது என்று பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வரில் இருக்கிறோம் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். சில நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட் போய்விட்டது. வைத்திருந்த காப்பு முறைகளைத் தேடிப் பார்த்தால் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான். மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்; அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அந்தத் தவறு கட்டளை வரியில் நடந்தது. மேசைச் செயலிகளில் தடுப்புகள் உண்டு. டிபீவரில் உண்மையான சர்வருக்குத் தனி நிறம் கொடுக்கலாம். 'படிக்க மட்டும்' என்று பூட்டியும் வைக்கலாம். வொர்க்பெஞ்ச், எந்த வரி என்று சரியாகச் சொல்லாமல் 'அழி' என்றால் மறுத்துவிடும். இந்தத் தடுப்பு எரிச்சலாக இருக்கிறது என்று முதல் வாரமே அணைத்து வைப்பவர்கள் உண்டு. அணைக்காதீர்கள்.

நமக்கென்று ஒரு சோதனையும் இருக்கிறது: பெயர். வெளிநாட்டு மாதிரிப் படிவங்கள் எல்லாம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஏ/எல், ஏ/பி என்று இருப்பதை உடைத்து, அப்பாவைப் பிள்ளையின் குடும்பப் பெயராக்கி, கடைசியில் ஒரே அலுவலகத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. ஐ.சி.யில் உள்ளபடி முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். அழைக்கும் பெயருக்கு வேண்டுமானால் இன்னொன்று.

தமிழில் தட்டப் போகிறீர்கள் என்றால் பழைய பட்டியல் யூனிகோடில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து எழுத்துருவில் தட்டிய கோப்புகள் அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே தமிழாகத் தெரியும். தரவுத்தளத்துக்கு அது வெறும் கிறுக்கல். மாற்றிய பிறகு ஏற்றுங்கள். யூனிகோடிலும் ஒரு கண்ணி உண்டு. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒற்றைக் குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலுமாகத் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். பல தேடல்களுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். 'கோபால்' கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அகரவரிசையிலும் சும்மா வரிசைப்படுத்தினால் 'ழ'வும் 'ள'வும் 'வ'வுக்கு முன்னால் வந்து நிற்கும், யூனிகோடில் அவற்றின் இடம் அப்படி.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் இங்கே நடப்பில் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் ஐ.சி. எண்ணை வைத்திருக்கும் நிலையமும் அதற்குள் வரும். 2024இல் செய்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் தகவல் கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமையும் சேர்ந்திருக்கிறது. சாதாரண எஸ்கியூலைட் கோப்புக்குப் பூட்டு கிடையாது, பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனால் யாரும் திறக்கலாம். ஆக்செஸ் கோப்புக்குக் கடவுச்சொல் போட முடியும், போடுங்கள். தேவையில்லாத எண்ணை வாங்கி வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது. மொய் நோட்டில் யாராவது ஐ.சி. எண் கேட்டார்களா?

தேர்ந்தெடுத்த பிறகு ஒரு சனிக்கிழமை மதியத்தை ஒதுக்குங்கள். கற்பனைப் பெயர்களோடு முப்பது வரி உள்ளே போடுங்கள். சுழியத்தில் தொடங்கும் ஐ.சி. ஒன்று, 'டி'குரூஸ்' மாதிரி நடுவில் மேற்கோள் குறி வரும் பெயர் ஒன்று, தமிழில் ஒரு 'கோபால்' கட்டாயம் இருக்கட்டும். மறுநாள் அதைத் தினமும் பயன்படுத்தப் போகிறவரிடம் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு எல்லாவற்றையும் சி.எஸ்.வி.யாக வெளியே எடுத்து, வேறு ஒரு கணினியில் நோட்பேடில் திறந்து எண்ணுங்கள். முப்பது வரி போயிருந்தால் முப்பது வரி வர வேண்டும், சுழியத்தோடு.